இணைய விளையாட்டுகளில் முன்னேற்றச் சமநிலை

இணைய விளையாட்டுகளில் முன்னேற்றச் சமநிலை என்பது, ஓர் இணைய விளையாட்டை நெடுங்காலமாக ஆடிவரும் மூத்த ஆட்டக்காரர்களுக்கும் அதில் பிற்காலத்தில் சேரும் புதிய ஆட்டக்காரர்களுக்கும் இடையே நியாயமான நிலையைப் பேணுவதைக் குறிக்கும். பல இணைய விளையாட்டுகளில் ஆட்டக்காரரின் பாத்திரம் காலப்போக்கில் அனுபவப் புள்ளிகள், ஆயுதங்கள், கவசங்கள், செல்வம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டே வலுப்பெறுகின்றது. இவ்வளர்ச்சி முன்னேற்றம் எனப்படும். ஆட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்து நடைபெறுவதால், முதல் நாளில் சேர்ந்தவருக்கும் ஐந்து ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தவருக்கும் இடையிலான இடைவெளி மிகப் பெரிதாகிவிடக்கூடும்.

இந்த இடைவெளியை முற்றிலும் அழித்தால் மூத்தவரின் உழைப்பு பயனற்றுப் போகும். அதை அப்படியே விட்டால் புதியவர் ஆட்டத்தை விட்டு நீங்குவார். இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்பது விளையாட்டு வடிவமைப்பின் முதன்மையான சிக்கல்களுள் ஒன்றாகும்.

சிக்கலின் இயல்பு

சதுரங்கத்தில் இருபது ஆண்டுகள் ஆடியவரும் நேற்றுக் கற்றவரும் 16 காய்களுடனேயே தொடங்குகின்றனர். மூத்தவர் பெற்ற பயிற்சி அவரது மனத்தில் உள்ளது. பலகையில் அவருக்குக் கூடுதலாக ஓர் அரசி வைக்கப்படுவதில்லை. முன்னேற்றத்தை அடிப்படையாகக் கொண்ட இணைய விளையாட்டுகளில் நிலைமை வேறு. அவற்றில் ஆடிய காலம் பலகையிலேயே காய்களாகச் சேர்ந்துகொண்டு வருகின்றது.

நெடுங்காலம் ஆடுவதால் ஒருவருக்குச் சேர்பவற்றைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* தேர்ச்சி: ஆட்டத்தின் நுணுக்கங்களை அறிந்திருத்தல். இது ஆட்டக்காரரிடமே உள்ளது.
* ஆற்றல்: பாத்திரத்தின் நிலை, ஆயுதம், கவசம் போன்றவற்றால் கிடைக்கும் வலிமை. இது பயனர் கணக்கில் உள்ளது.
* செல்வம்: விளையாட்டுக் காசு, அரிய பொருட்கள், ஆட்ட உலகில் உள்ள நிலம் அல்லது வீடு.
* அடையாளம்: பட்டங்கள், சிறப்பு உடைகள், சாதனைப் பதிவுகள். இவை பிறர் காணத்தக்கவை. ஆனால் சண்டையில் வலிமை சேர்ப்பதில்லை.

தேர்ச்சியால் தோற்பதைப் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் நியாயமானதாகவே ஏற்றுக்கொள்கின்றனர். முறையீடுகள் பெரும்பாலும் ஆற்றல், செல்வம் ஆகிய இரண்டையும் பற்றியே எழுகின்றன. சமநிலை காணும் முறைகள் பலவும், மூத்தவருக்கான பரிசை இந்த நான்கில் எதிலிருந்து எதற்கு மாற்றுவது என்ற கேள்விக்கான விடைகளே.

இச்சிக்கல் புதியவர்களுக்கு மட்டும் உரியதன்று. எந்த விளையாட்டிலும் சிலர் காலப்போக்கில் விலகிச் செல்வர். அவர்களுடைய இடத்தைப் புதியவர்கள் நிரப்பாவிட்டால், குழுவாக ஆடவேண்டிய பகுதிகளுக்கு ஆள் கிடைக்காது. சந்தையில் வாங்குவோர் குறைவர். எதிராளி கிடைக்கக் காத்திருக்கும் நேரம் கூடும். எனவே புதியவர்கள் தங்குவது மூத்தவர்களுக்கும் தேவையான ஒன்றாகும்.

வரலாறு

1978 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்பவர் மட் என்னும் பலர் ஆடும் உரைவழி விளையாட்டை எழுதத் தொடங்கினார். பின்னர் ரிச்சர்ட் பார்ட்டில் அதனை வளர்த்தெடுத்தார். அதில் போதிய புள்ளிகளைச் சேர்த்தவர் மந்திரவாதி என்னும் தகுதியை அடைந்து, பிற ஆட்டக்காரர்களுக்கு இல்லாத தனி அதிகாரங்களைப் பெற்றார். மூத்தவருக்குத் தனி ஆற்றல் வழங்கும் மரபு இவ்வகை விளையாட்டுகளின் தொடக்கத்திலேயே இருந்ததை இது காட்டுகின்றது.

1997 இல் வெளியான அல்டிமா ஆன்லைனில் ஆட்டக்காரர்கள் உலகின் திறந்த வெளிகளில் வீடு கட்டிக்கொள்ள முடிந்தது. நிலம் வரையறைக்கு உட்பட்டதாகையால் முதலில் வந்தவர்கள் அதனைப் பிடித்துக்கொள்ள, பின்னர் வந்தவர்களுக்கு இடம் கிடைப்பது அரிதாயிற்று. மேலும் நகருக்கு வெளியே வந்த புதியவர்களை வலிமை மிக்க ஆட்டக்காரர்கள் கொன்று பொருட்களைப் பறிப்பதும் வழக்கமாயிருந்தது. 2000 ஆம் ஆண்டில் வெளியான விரிவாக்கம், உலகின் இரண்டாம் படி ஒன்றை டிராமெல் என்ற பெயரில் உருவாக்கியது. அங்கு ஒருவரது இசைவின்றி அவரைத் தாக்க இயலாது. புதிய வீடுகளுக்கான நிலமும் அதனால் கிடைத்தது. இம்மாற்றம் புதியவர்களைக் காத்தது எனச் சிலரும், ஆட்டத்தின் உயிரோட்டத்தைக் கெடுத்தது எனச் சிலரும் நெடுங்காலம் விவாதித்தனர்.

1999 இல் வெளியான எவர்குவெஸ்ட்டில் உச்ச நிலை 50 ஆக இருந்தது. 2000 ஆம் ஆண்டின் விரிவாக்கம் அதனை 60 ஆக உயர்த்தியது. அந்நிலையை எட்டுவதற்குப் பல மாதங்கள் தேவைப்பட்டன. 2004 நவம்பரில் வெளியான வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் அப்பாதையை எளிதாக்கியது. அதன் பிறகு வந்த பல விளையாட்டுகள் இதன் முறைகளைப் பின்பற்றியோ அவற்றிலிருந்து விலகியோ அமைந்தன.

முன்னேற்றத்தின் கணக்கு

முன்னேற்றத்தில் இரண்டு வளைவுகள் உள்ளன. ஒன்று, அடுத்த நிலைக்குத் தேவைப்படும் உழைப்பு. மற்றொன்று, அந்நிலையால் கிடைக்கும் பயன். மூத்தவருக்கும் புதியவருக்கும் இடையிலான உண்மையான இடைவெளியை இவை இரண்டும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

2001 இல் வெளியான ரூன்ஸ்கேப் விளையாட்டில் ஒரு திறனின் 99 ஆம் நிலையை எட்ட 13,034,431 அனுபவப் புள்ளிகள் தேவை. 92 ஆம் நிலைக்குத் தேவைப்படுபவை 6,517,253 புள்ளிகள். அதாவது 92 ஆம் நிலையில் இருப்பவர் பாதி வழியில்தான் இருக்கின்றார். 50 ஆம் நிலைக்கு 101,333 புள்ளிகள் போதும். இது 99 ஆம் நிலைக்கான புள்ளிகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. தேவைப்படும் புள்ளிகள் ஏறத்தாழ ஏழு நிலைகளுக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. ஆனால் வலிமை அவ்வாறு இரட்டிப்பதில்லை. எனவே புதியவர் குறுகிய காலத்திலேயே பயனுள்ள நிலையை அடைகின்றார். மூத்தவர் தமது கூடுதல் உழைப்புக்குச் சிறிதளவு வலிமையும் பெருமளவு பெருமையும் பெறுகின்றார்.

2003 இல் ஐசுலாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் வெளியிட்ட ஈவ் ஆன்லைனில் இக்கணக்கு இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. விண்கலங்களை ஓட்டும் இவ்விளையாட்டில் திறன்கள் உண்மையான கடிகார நேரத்தில், ஆட்டக்காரர் இணைப்பில் இல்லாதபோதும் வளர்கின்றன. ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து நிலைகள் உண்டு. மிக எளிய வகைத் திறன் ஒன்று நிலைக்கு 5 விழுக்காடு பயன் தருவதாகக் கொண்டால், கணக்கு பின்வருமாறு அமையும்.

* 1 ஆம் நிலை: 250 புள்ளிகள், 5 விழுக்காடு பயன்
* 2 ஆம் நிலை: 1,415 புள்ளிகள், 10 விழுக்காடு பயன்
* 3 ஆம் நிலை: 8,000 புள்ளிகள், 15 விழுக்காடு பயன்
* 4 ஆம் நிலை: 45,255 புள்ளிகள், 20 விழுக்காடு பயன்
* 5 ஆம் நிலை: 256,000 புள்ளிகள், 25 விழுக்காடு பயன்

நான்காம் நிலையில் நிற்பவர் மொத்தப் புள்ளிகளில் ஏறத்தாழ 18 விழுக்காட்டை மட்டுமே செலவிட்டு, மொத்தப் பயனில் 80 விழுக்காட்டைப் பெற்றுவிடுகின்றார். மேலும், ஒரு குறிப்பிட்ட கலத்தை ஓட்டும்போது அதற்குரிய திறன்கள் மட்டுமே பயன்படும். பத்தாண்டுகள் ஆடியவர் பலவகைக் கலங்களை ஓட்ட வல்லவராயிருப்பினும் ஒரு நேரத்தில் ஒன்றையே ஓட்ட முடியும். சிறிய கலமொன்றில் மட்டும் பயிற்சி பெற்ற புதியவர், அக்கலத்தைப் பொறுத்தவரை அவருக்கு வெகு அருகில் வந்துவிடலாம். பெரும் போர்களில் எதிரியின் கலம் தப்பிச் செல்லாமல் தடுத்து நிறுத்தும் பணியைப் புதியவர்களின் சிறு கலங்களே செய்யக்கூடும்.

இத்தகைய வளர்ச்சி அகல முன்னேற்றம் எனப்படும். மூத்தவருக்குத் தெரிவுகள் கூடுகின்றன. ஒவ்வொரு தெரிவின் வலிமையும் ஓர் எல்லைக்கு மேல் கூடுவதில்லை. இதற்கு மாறாக, வலிமை மேலும் மேலும் கூடிக்கொண்டே செல்வது உயர முன்னேற்றம் எனப்படும்.

சமநிலை காணும் முறைகள்

உச்சவரம்பை உயர்த்துதல்

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டின் உச்ச நிலை 2004 இல் 60 ஆக இருந்தது. 2007 சனவரியில் வெளியான முதல் விரிவாக்கம் அதனை 70 ஆக்கியது. 40 பேர் கொண்ட குழுவாகப் பல மாதங்கள் போராடிப் பெற்ற ஆயுதங்களுக்கு ஈடானவை, புதிய நிலப்பகுதியின் எளிய பணிகளிலேயே கிடைக்கத் தொடங்கின. இதனால் பின்தங்கியிருந்தோர் ஒரே பாய்ச்சலில் முன்னவர்களை எட்டினர். மூத்தவர்களோ தமது உழைப்பு ஒரே நாளில் மதிப்பிழந்ததாக உணர்ந்தனர்.

இம்முறைக்கு மற்றொரு குறையும் உண்டு. ஒவ்வொரு விரிவாக்கமும் புதியவர் ஏறவேண்டிய படிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றது. 2018 இல் உச்ச நிலை 120 ஐ எட்டியது. 2020 இல் அந்நிறுவனம் நிலைகளைச் சுருக்கி, 120 ஐ 50 ஆக மாற்றி, புதிய உச்ச வரம்பை மீண்டும் 60 ஆக வைத்தது. புதியவர் அனைத்துப் பழைய விரிவாக்கங்களையும் வரிசையாகக் கடக்காமல், ஒன்றை மட்டும் ஆடி 50 ஐ அடைய வழிசெய்யப்பட்டது.

விரைவுபடுத்துதல்

புதியவரின் பாதையை விரைவாக்குவது இரண்டாம் முறையாகும். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் ஆட்டக்காரர் தமது பாத்திரத்தை விடுதியில் விட்டு வெளியேறினால், ஒவ்வொரு எட்டு மணி நேரத்துக்கும் ஒரு நிலையில் 5 விழுக்காடு அளவுக்கு ஓய்வுப் பயன் சேர்கின்றது. அது தீரும்வரை பகைவர்களைக் கொல்வதால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் இரட்டிக்கும். ஒன்றரை நிலை வரை இப்பயன் சேரும். அதற்குப் பத்து நாட்கள் ஆகும். இதனால் நாள்தோறும் ஆட நேரமில்லாதவர் ஓரளவு ஈடுசெய்துகொள்ள முடிகின்றது. இவ்விளையாட்டின் சோதனைப் பதிப்பில் இது நீண்ட நேரம் ஆடுவோரின் புள்ளிகளைப் பாதியாகக் குறைக்கும் தண்டனையாக வைக்கப்பட்டிருந்தது. ஆட்டக்காரர்கள் அதனை வெறுத்தனர். இயல்பான அளவை ஓய்வுப் பயன் எனப் பெயர் மாற்றி இரட்டிப்பாகக் காட்டியதும் அதே ஏற்பாடு வரவேற்பைப் பெற்றது.

2008 இல் அதே விளையாட்டில் பரம்பரைப் பொருட்கள் அறிமுகமாயின. இவற்றை அணிந்த பாத்திரம் அப்போது கூடுதல் அனுபவப் புள்ளிகளைப் பெற்றது. ஆனால் இவற்றை வாங்குவதற்கு உச்ச நிலையில் ஏற்கனவே ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. எனவே இவை உண்மையான புதியவருக்குப் பயன்படவில்லை. மூத்தவர்கள் தமது இரண்டாம், மூன்றாம் பாத்திரங்களை வளர்க்கவே உதவின. தொடக்க நிலைப் பகுதிகளில் புதியவர் காணும் வலுமிக்க பாத்திரங்கள் பலவும் மூத்தவர்களுடையவையாக இருந்தன. ஒரு சலுகை யாருக்குப் போய்ச் சேருகின்றது என்பதைக் கவனிக்காவிட்டால் அது இடைவெளியைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டவும் கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

தாழ்த்திப் பொருத்துதல்

மூத்தவரும் புதியவரும் சேர்ந்து ஆடுவதற்காக ஒருவரது நிலையைத் தற்காலிகமாக மாற்றும் முறையும் உண்டு. 2004 இல் வெளியாகி 2012 இல் நிறுத்தப்பட்ட சிட்டி ஆஃப் ஹீரோஸ் விளையாட்டில், தாழ்ந்த நிலையில் உள்ள நண்பரை மூத்தவர் தமது துணைவராகச் சேர்த்துக்கொண்டால் அவரது வலிமை மூத்தவரை ஒட்டி உயரும். 2012 இல் வெளியான கில்டு வார்ஸ் 2 இதற்கு மாறான வழியைக் கையாண்டது. 80 ஆம் நிலையில் உள்ளவர் தொடக்கப் பகுதிக்குச் சென்றால் அவரது நிலை அப்பகுதிக்கு ஏற்பத் தாழ்த்தப்படும். 2016 அக்டோபரில் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் விளையாட்டில், புதியவர் எப்பகுதிக்கும் செல்லவும் எவருடனும் சேரவும் இயலும்படி உலகம் முழுவதும் ஒரே அளவுக்குப் பொருத்தப்பட்டது.

இம்முறையால் நண்பர்கள் பிரியாமல் ஆட முடிகின்றது. எனினும், தாம் வளர்ந்துவிட்டோம் என்ற உணர்வு குன்றிவிடுவதாக மூத்தவர்கள் குறைகூறுவதுண்டு. முன்பு அச்சுறுத்திய பகைவனை இன்று எளிதில் வீழ்த்துவதே முன்னேற்றத்தின் இன்பம் என்பது அவர்களது வாதம்.

போட்டிகளில் ஆற்றலைச் சமமாக்குதல்

ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் எதிர்க்கும் போட்டிகளில் பல விளையாட்டுகள் சேர்ந்த ஆற்றலை முழுமையாக விலக்கிவிடுகின்றன. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஒவ்வொரு போட்டியின் தொடக்கத்திலும் எல்லோருக்கும் ஒரே தொகை வழங்கப்படும். அப்போட்டியில் ஈட்டியது அதனுடன் முடிந்துவிடும். 2017 இல் வெளியான பப்ஜியில் 100 பேர் வரை வான்குடையில் வெறுங்கையுடன் இறங்கி, தரையில் கிடைக்கும் ஆயுதங்களைக் கொண்டு மோதுகின்றனர். டோட்டா 2 விளையாட்டில் எல்லா வீரப் பாத்திரங்களும் கட்டணமின்றித் திறந்தே உள்ளன.

2009 இல் வெளியான லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் இவ்வகையில் நடுவழியில் நின்றது. அதில் ரூன் எனப்படும் சிறு பொருட்கள் பாத்திரத்தின் தாக்குதல் வலிமையையும் தாங்கும் வலிமையையும் கூட்டின. அவற்றை ஆடிச் சேர்த்த புள்ளிகளைக் கொண்டு ஒவ்வொன்றாக வாங்கவேண்டியிருந்தது. அதனால் புதியவர் தேர்ச்சியில் மட்டுமன்றி எண்ணளவிலும் பின்தங்கியே போட்டியைத் தொடங்கினார். 2017 நவம்பரில் இம்முறை நீக்கப்பட்டு, எல்லோருக்கும் விலையின்றிக் கிடைக்கும் புதிய ரூன் முறை கொண்டுவரப்பட்டது.

2007 இல் வெளியான கால் ஆஃப் டியூட்டி 4 விளையாட்டில் 55 படிகள் இருந்தன. துப்பாக்கிகளும் சிறப்புத் திறன்களும் படிப்படியாகத் திறந்தன. உச்சப் படியை எட்டியவர் விரும்பினால் தாம் பெற்ற அனைத்தையும் துறந்து, பெயரருகே ஒரு சின்னத்தை மட்டும் பெற்று, மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்கலாம். பெரும் எண்ணிக்கையிலான ஆட்டக்காரர்கள் இதனை விரும்பித் தெரிவு செய்தனர். மூத்தவர்கள் வேண்டுவது எப்போதும் ஆற்றல் மட்டுமன்று, தமது உழைப்புக்கான அடையாளமும் ஆகும் என்பதை இது உணர்த்துகின்றது.

தரமிடலும் எதிராளித் தெரிவும்

ஆற்றலைச் சமமாக்கிய பின்பும் தேர்ச்சியில் வேறுபாடு இருக்கும். இதற்கு ஒத்த தேர்ச்சி உடையவர்களை எதிரெதிரே நிறுத்தும் முறை கையாளப்படுகின்றது. இதன் அடிப்படை, அங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியலாளர் அர்பாத் எலோ சதுரங்கத்துக்காக உருவாக்கிய தரமிடல் முறையாகும். ஐக்கிய அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960 இலும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970 இலும் இதனை ஏற்றன. இம்முறையில் 200 புள்ளிகள் கூடுதலாக உள்ளவர் 100 க்கு ஏறத்தாழ 76 புள்ளிகளையும், 400 கூடுதலாக உள்ளவர் ஏறத்தாழ 91 புள்ளிகளையும் பெறுவார் என எதிர்பார்க்கப்படுகின்றது.

புதியவரின் தேர்ச்சி எவ்வளவு என்பது தொடக்கத்தில் தெரியாது. மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ முறையும் மைக்ரோசாப்ட் ஆய்வுப் பிரிவு உருவாக்கிய ட்ரூஸ்கில் முறையும் ஒவ்வொருவரது மதிப்பீட்டுடன் அதன் உறுதியின்மையையும் கணக்கில் கொள்கின்றன. இதனால் புதியவரின் மதிப்பீடு சில ஆட்டங்களிலேயே விரைவாக மாறி உரிய இடத்தை அடைகின்றது. மூத்தவர்கள் சிலர் புதிய கணக்கைத் தொடங்கிப் புதியவர்களுடன் மோதி எளிய வெற்றி தேடுவது இம்முறைக்கு உள்ள பெரிய இடையூறாகும்.

பருவங்கள்

குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எல்லோரையும் வெறுங்கையுடன் புதிதாகத் தொடங்கச் செய்வது பருவ முறை எனப்படும். 2013 இல் வெளியான பாத் ஆஃப் எக்ஸைல் விளையாட்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய பருவம் தொடங்கும். அதன் சந்தையும் தனியானது. டயப்லோ 3 இல் 2014 ஆகஸ்ட் முதல் பருவங்கள் உள்ளன. பருவம் முடிந்ததும் பாத்திரங்கள் அழிக்கப்படாமல் நிரந்தர உலகுக்கு மாற்றப்படுகின்றன. இதனால் மூத்தவரின் பழைய உழைப்பும் நிலைக்கின்றது. புதியவருக்கும் எல்லோருடனும் ஒரே கோட்டில் நிற்கும் வாய்ப்பு ஆண்டுக்குச் சில முறை கிடைக்கின்றது.

செல்வமும் நிலமும்

ஆற்றலைச் சமமாக்குவதைவிடச் செல்வத்தைச் சமமாக்குவது கடினம். மூத்தவர்களிடம் குவிந்த காசு சந்தையில் விலைகளை உயர்த்துகின்றது. புதியவருக்கு நல்ல பொருட்கள் எட்டாமற் போகின்றன. அதே வேளையில் மூலிகை, தாது போன்ற மூலப்பொருட்களைத் திரட்டி விற்கும் புதியவர் அவ்விலையேற்றத்தால் பயன்பெறவும் கூடும். செல்வர் தமது நண்பருக்கு உயர்ந்த ஆயுதங்களை வாரி வழங்குவதைத் தடுக்க, பொருளுக்கு நிலை வரம்பு வைப்பதும், எடுத்தவரையன்றி வேறெவரும் பயன்படுத்த இயலாதவாறு பொருளைப் பிணைத்துவிடுவதும் வழக்கமாகும்.

நிலத்தின் பங்கீடு அல்டிமா ஆன்லைன் காலத்துடன் முடிந்துவிடவில்லை. பைனல் பேண்டசி 14 விளையாட்டிலும் வீட்டுமனைகள் எண்ணிக்கையில் வரையறுக்கப்பட்டவை. முதலில் வந்தவருக்கே மனை என்ற முறை அங்கு நெடுங்காலம் குறைகூறப்பட்டது. 2022 ஏப்ரலில் மனைகளுக்குக் குலுக்கல் முறை கொண்டுவரப்பட்டது. 45 நாட்கள் வீட்டுக்குள் நுழையாதவரது மனை திரும்பப் பெறப்படும் விதியும் அவ்விளையாட்டில் உண்டு. முந்தி வந்தவருக்கு உரிமை, பயன்படுத்துபவருக்கு உரிமை, எல்லோருக்கும் சம வாய்ப்பு என்னும் மூன்று நியாயக் கோட்பாடுகள் இங்கு ஒன்றோடொன்று மோதுவதைக் காணலாம்.

பணமும் முன்னேற்றமும்

இடைவெளி பெரிதாகும்போது அதனைத் தாண்டும் வழி ஒரு விற்பனைப் பொருளாகின்றது. 2014 இல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் ஒரு பாத்திரத்தை நேரடியாக 90 ஆம் நிலைக்கு உயர்த்தும் வசதி 60 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் ஈவ் ஆன்லைன், ஒருவரது திறன் புள்ளிகளைப் பிரித்தெடுத்து மற்றவருக்கு விற்கும் முறையை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் 2003 முதல் இடைவிடாது பயிற்சி பெற்று வந்தவரைப் புதியவர் புள்ளிக் கணக்கில் ஒருநாளும் முந்த இயலாதிருந்தது.

இந்த ஏற்பாட்டில் சமநிலைக்கான ஒரு நுட்பம் உள்ளது. விற்பவரிடமிருந்து 500,000 புள்ளிகள் எடுக்கப்படுகின்றன. வாங்குபவரிடம் 50 இலட்சத்துக்கும் குறைவான புள்ளிகள் இருந்தால் அவை முழுமையாகக் கிடைக்கும். 50 இலட்சம் முதல் 5 கோடி வரை உள்ளவருக்கு 400,000 புள்ளிகளும், 5 கோடி முதல் 8 கோடி வரை உள்ளவருக்கு 300,000 புள்ளிகளும், அதற்கும் மேல் உள்ளவருக்கு 150,000 புள்ளிகளும் மட்டுமே கிடைக்கும். இதனால் புதியவருக்கு ஆதாயம் மிகுதி. ஆயினும், பிரித்தெடுக்கும் கருவி உண்மையான பணத்துக்கு விற்கப்பட்டதால், புதியவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு பணமுள்ள புதியவர்களுக்கும் பணமில்லாத புதியவர்களுக்கும் இடையிலான வேறுபாடாக மாறியது என்ற விமர்சனம் எழுந்தது.

2017 நவம்பரில் வெளியான ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 இச்சிக்கலை உலகளவில் பேசுபொருளாக்கியது. அதில் வலிமை தரும் அட்டைகள் லூட் பாக்ஸ் எனப்படும் பெட்டிகளில் இருந்தன. உள்ளே என்ன இருக்கின்றது என்பதை அறியாமலேயே ஆட்டக்காரர் பெட்டியைப் பெறவேண்டும். டார்த் வேடர் போன்ற புகழ்பெற்ற பாத்திரம் ஒன்றைத் திறக்க 60,000 விளையாட்டுக் காசுகள் தேவைப்பட்டன. கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து அது 15,000 ஆகக் குறைக்கப்பட்டது. விளையாட்டு வெளியாவதற்கு முன்பே பணத்துக்கு விற்பதும் நிறுத்திவைக்கப்பட்டது. 2018 மார்ச்சில் வலிமை தரும் அட்டைகள் ஆடுவதன் மூலம் மட்டுமே கிடைக்கும்படி மாற்றப்பட்டன.

2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஒழுங்காணையம் மூன்று விளையாட்டுகளின் பெட்டிகள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு முரணானவை என அறிவித்தது. அவற்றுள் ஒன்றான ஓவர்வாட்ச் விளையாட்டின் பெட்டிகளில் தோற்றத்தை மாற்றும் பொருட்களே இருந்தன. வலிமை தருபவை இல்லை. ஆட்டக்காரர்களுக்கிடையிலான நியாயமும் வாங்குபவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான நியாயமும் வெவ்வேறு கேள்விகள் என்பதை இத்தீர்மானம் தெளிவாக்கியது.

நேர வேறுபாடு

பணத்தை எதிர்ப்போர் நேரமே நியாயமான அளவுகோல் எனக் கூறுவதுண்டு. ஆனால் நேரமும் எல்லோரிடமும் சமமாக இல்லை. வேலைக்குச் செல்வோர், குழந்தைகளை வளர்ப்போர், தேர்வுக்குப் படிப்போர் ஆகியோரால் நாளொன்றுக்குப் பல மணி நேரம் ஆட இயலாது. 2021 ஆகஸ்டில் சீன அரசு 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் மட்டும், இரவு 8 மணி முதல் 9 மணி வரை இணைய விளையாட்டு ஆடலாம் என விதித்தது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஆடும் சிறுவர், நாள்தோறும் ஆடும் பெரியவரை நேரத்தால் மட்டும் அளக்கும் விளையாட்டில் எட்டவே முடியாது. நேரத்தை மட்டும் பரிசுக்குரியதாக்கும் வடிவமைப்பு, ஆட்டக்காரர்களை அளவுக்கு மீறி ஆடத் தூண்டுகின்றது என்ற குறையும் உண்டு.

மூத்தவர்களின் தரப்பு

பாதையைச் சுருக்குவது புதியவருக்கு எப்போதும் நன்மையே என்று கொள்வதற்கில்லை. ரூன்ஸ்கேப்பின் 2007 ஆகஸ்ட் மாதப் பதிப்பு, ஆட்டக்காரர்களின் வேண்டுகோளுக்கு இணங்க 2013 பிப்ரவரியில் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது. அதில் புதிய உள்ளடக்கம் சேர்க்க வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. தொடக்கத்தில் 75 விழுக்காடு ஆதரவு தேவை என்ற விதி இருந்தது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டின் பழைய வடிவம் 2019 ஆகஸ்டில் மீண்டும் வெளியானது. நெடிய, கடினமான பாதையை விரும்பி ஏராளமானோர் அவற்றில் சேர்ந்தனர்.

இதற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. முதலாவது, எல்லோரும் ஒரே நாளில் முதல் நிலையில் தொடங்கியதால் வழியில் துணை கிடைத்தது. நீண்ட பாதை புதியவருக்குச் சுமையாவது அதில் தனியே நடக்க நேரும்போதுதான். இரண்டாவது, உச்ச நிலைக்கு நேரடியாகத் தூக்கிவிடப்பட்ட புதியவர் ஆட்டத்தைக் கற்காமலேயே அங்கு சென்று சேர்கின்றார். ஆற்றல் அவருக்குக் கொடுக்கப்பட்டாலும் தேர்ச்சி கொடுக்கப்படுவதில்லை. குழுவில் அவர் தடுமாறும்போது மூத்தவர்களின் சினத்துக்கு ஆளாகின்றார்.

மூத்தவர்களின் மற்றொரு முறையீடு, ஏற்கனவே பெற்றதை மதிப்பிழக்கச் செய்வது பற்றியதாகும். கில்டு வார்ஸ் 2 வெளியானபோது ஆயுதங்களுக்கு ஓர் உச்ச வரம்பு இருந்தது. 2012 நவம்பரில் அதற்கும் மேலான ஒரு தரம் சேர்க்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. அதன் பின்னர் அவ்விளையாட்டு நிலையின் உச்சத்தை 80 இலேயே வைத்துக்கொண்டு, வலிமைக்கு மாறாகப் புதிய திறன்களையும் பயண வசதிகளையும் பரிசாக வழங்கி வந்துள்ளது. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும் மூத்தவரின் பழைய ஆயுதம் அதில் பயனற்றதாவதில்லை; புதியவர் ஏறவேண்டிய படியும் கூடுவதில்லை.

மதிப்பீடு

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து, இரு தரப்பினரும் கேட்பது பெரும்பாலும் ஒரே பொருளை அன்று என்பது தெரிகின்றது. புதியவர் கேட்பது பொருளுள்ள ஆட்டம். தோற்றாலும் தமது செயலால் முடிவு மாறக்கூடும் என்ற நிலை. மூத்தவர் கேட்பது செலவிட்ட காலத்துக்கான மதிப்பு. ஆற்றலையே மதிப்பாக வழங்கும் விளையாட்டில் ஒருவரது கோரிக்கையை நிறைவேற்ற மற்றவருடையதைப் பறிக்கவேண்டியுள்ளது. ஆற்றலுக்கு ஓர் எல்லை வைத்து, அதற்கு மேற்பட்ட உழைப்புக்குத் தெரிவுகளையும் அடையாளத்தையும் வழங்கும் விளையாட்டில் இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற முடிகின்றது.

ஒரு விளையாட்டின் முன்னேற்ற முறையை ஆராய்வோர் பின்வரும் கேள்விகளை எழுப்பலாம்.

* நெடுங்காலம் ஆடியவர் புதியவரைவிட எத்தனை மடங்கு உழைத்துள்ளார், எத்தனை மடங்கு வலிமை பெற்றுள்ளார்?
* புதியவருக்கென வழங்கப்படும் சலுகை உண்மையில் புதியவரைச் சென்றடைகின்றதா, மூத்தவரின் இரண்டாம் பாத்திரத்தைச் சென்றடைகின்றதா?
* நிலம் போன்ற வரையறைக்கு உட்பட்டவை எவ்விதியின்படி பங்கிடப்படுகின்றன?
* இடைவெளியைத் தாண்டும் வழியை விற்பவர், அந்த இடைவெளியின் அகலத்தையும் தீர்மானிப்பவரா?

இவற்றுள் இறுதிக் கேள்வி தனிக் கவனத்துக்குரியது. மேடும் படியும் ஒருவருக்கே சொந்தமாயிருப்பின், மேட்டை உயர்த்துவது அவருக்கு ஆதாயமாகிவிடுகின்றது. அத்தகைய விளையாட்டில் புதியவரும் மூத்தவரும் ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டிருக்க, இடைவெளி அவர்கள் இருவராலும் உருவாக்கப்பட்டதன்று என்பது மறைந்துபோகின்றது.

இவற்றையும் பார்க்க

* இணைய விளையாட்டு
* எலோ தரமிடல் முறை
* விளையாட்டுக் கோட்பாடு
* மெய்நிகர் உலகம்